என் குதிகாலுக்குப் பார்த்த வைத்தியங்கள்

அன்றைக்குக் காலையில் எங்களுக்கு உட்காரக் கற்றுக்கொடுத்தார்கள்.

கடை திறந்து போட்ட சாம்பிராணிப் புகை இன்னும் அடங்கவில்லை. திருநெல்வேலி டவுனில், தேர் ஓடும் வீதி ஒன்றில் இருக்கிற ஜவுளிக்கடை அது. இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அதன் மூன்று மாடிகளும் இதற்குள் பழகியிருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: என் பெயர் பேச்சியம்மாள். அந்தக் கடையின் இரண்டாம் மாடியில், பட்டுப் பிரிவில், சேலை விரித்துக் காட்டுகிற வேலை எனக்கு.

பட்டுப் பிரிவில் நாங்கள் எட்டுப் பெண்கள். எங்களை வரிசையாக நிற்கவைத்துவிட்டு சூப்பர்வைசர் கணேசன் எதிரே நின்றார். என் கடைசித் தம்பி வயசுதான் இருக்கும் அவருக்கு. பக்கத்தில் எட்டு ஸ்டூல்கள். முந்தின நாள் சாயங்காலம் லோடு ஆட்டோவில் வந்து இறங்கியவை. குட்டையான கால், சிவப்பு மெத்தை, மெத்தைக்கு மேல் கண்ணாடிக் காகிதம் போல ஒரு பிளாஸ்டிக் உறை. உறையைக் கிழிக்கக் கூடாது என்பது முதல் உத்தரவு.

"நல்லாக் கேட்டுக்கிடுங்க. பதினோரு மணிக்கு ஆபீசர் வாராரு. கீழ செக்யூரிட்டி எனக்கு மிஸ்டு கால் குடுப்பான். நான் கையத் தட்டுனதும் எல்லாரும் ஒக்காந்திரணும். அவரு போனதும் மறுபடி தட்டுவேன். எந்திரிச்சிரணும்."

மூன்று தடவை ஒத்திகை பார்த்தோம். முதல் தடவை கை தட்டியதும் எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டாம் தடவை உட்கார்ந்தோம். பட்டுச் சேலையும் பிளாஸ்டிக் உறையும் ஒத்துப்போகாமல் ஒருத்தி வழுக்கித் தரைக்கே போய்விட்டாள். மூன்றாம் தடவை சரியாக வந்தது. இப்படியே செய்ய வேண்டும் என்று கணேசன் பாராட்டினார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பாராட்டு, நான் உட்கார்ந்ததற்காகக் கிடைத்தது.

அந்த நேரத்தில் என் வலது குதிகால் எந்த நிலைமையில் இருந்தது என்பதைச் சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

முதல் அடி

குதிகால் வலி வந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வராதவர்களுக்கு விளக்கிப் பயனில்லை. காலையில் பாயைவிட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது, குதிகாலுக்குள் யாரோ ஆணியை நட்டுவைத்து அதன் மேல் நம்மையே நிறுத்துவது போல இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு இருபது அடி நடந்தால் கொஞ்சம் இளகும். நாள் முழுக்க நின்றால் சாயங்காலம் மறுபடி கனக்கும். கொஞ்சம் உட்கார்ந்து இளைப்பாறலாம் என்றால், இளைப்பாறி எழுந்ததும் அந்த முதல் அடி திரும்ப வரும். வலி குறையவும் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் எழுந்திருக்கவும் முடியாது. இவ்வளவு சாமர்த்தியமான வியாதியை நான் வேறு பார்த்ததில்லை.

இத்தனைக்கும் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் கடையில் நின்றவர்களே கிடையாது. அப்போது அது ஒற்றை மாடிக் கடை. தரையெல்லாம் மெத்தை, மேலே வெள்ளைத் துணி. விற்கிறவரும் உட்கார்ந்திருப்பார், வாங்குகிறவரும் உட்கார்ந்திருப்பார். அதற்காக அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிறேன் என்று எண்ண வேண்டாம். கடைக்கு மின்விசிறி இரண்டு. கழிப்பறை பக்கத்துச் சந்தில். மெத்தையில் மூட்டைப்பூச்சி வேறு.

பிறகு கடையை இடித்து மூன்று மாடியாகக் கட்டினார்கள். சலவைக்கல் தரை வந்தது, ஏசி வந்தது, லிஃப்ட் வந்தது. சேலை விரிக்க முழங்கால் உயரத்தில் நீளமான மேடை வந்தது. கூட வருகிற ஆண்கள் கொட்டாவி விடுவதற்குச் சுவரோரம் சோபா வந்தது. உட்கார்ந்து விற்பது மட்டும் போய்விட்டது. உட்கார்ந்திருந்தால் சோம்பேறிகள் போலத் தெரிகிறது என்று முதலாளி அண்ணாச்சி சொன்னாராம். அண்ணாச்சி இதைக் கல்லாவுக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் இருந்தபடி சொன்னார்.

இன்னொரு விதியும் இருந்தது. லட்சுமி வாசம் செய்கிற இடம் என்பதால் வேலை பார்ப்பவர்கள் செருப்புப் போடக் கூடாது. வாடிக்கையாளர்கள் போடலாம். அவர்கள்தானே லட்சுமியைக் கொண்டுவருகிறவர்கள்.

செங்கல்லும் எருக்கிலையும்

முதல் வைத்தியம் எங்கள் தெருவிலிருந்து வந்தது. செங்கல்லை அடுப்பில் சுடவைத்து, அதன் மேல் எருக்கிலையைப் பரப்பி, அதன் மேல் குதிகாலை வைத்து எடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் அரிசி ஆலைக்குப் போகிறவர். வருகிற வழியில் தண்டவாளத்து ஓரம் இலை பறித்து வருவார். செங்கல்லைப் பக்கத்து வீட்டில் பாதி கட்டி நின்ற சுவரிலிருந்து கேட்டு வாங்கினோம்.

இலையின் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதில் தெரு இரண்டாகப் பிரிந்தது. வழவழப்பான பக்கம் என்றது ஒரு கட்சி. நரம்புள்ள பக்கம் என்றது மறு கட்சி. என் காலை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு வீட்டார் ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள். நான் ஒரு நாள் அந்தப் பக்கமும் மறுநாள் இந்தப் பக்கமுமாக வைத்துப் பொதுவாக நடந்துகொண்டேன்.

சூடு பட்டதும் சுகமாகத்தான் இருக்கும். மறுநாள் காலையிலிருந்து கடை அடைக்கும்வரை சலவைக்கல்லில் நின்றதும் அந்தச் சுகம் எங்கே போனது என்று தெரியாது.

அடுத்து, மணிமுத்தாறு அருவியில் காலைக் காட்டினால் வலி போய்விடும் என்று யாரோ சொன்னார்கள். விடுப்புச் சொல்லி, பஸ் பிடித்து, கீழே இறங்கி, வெயிலில் சோதனைச் சாவடிவரை நடந்தோம். தண்ணீர் வரத்து அதிகமாக இருக்கிறது, யாருக்கும் அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நடந்தது மட்டும் மிச்சம். மறுநாள் நான் படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறியதைப் பார்த்து, அருவியில் நல்லாக் குளிச்சியளா என்று கணேசன் விசாரித்தார்.

மகள் தன் பங்குக்குப் போனில் ஒரு வீடியோ காட்டினாள். பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து அதைக் காலடியில் உருட்ட வேண்டும். கடைக்கு எடுத்துப்போய் மேடைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் உருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அது நழுவி உருண்டு, எதிரே நின்ற வாடிக்கையாளர் அம்மாவின் கணுக்காலில் போய்த் தொட்டது. அவர் பாம்பு என்று சேலையைத் தூக்கிக்கொண்டு சோபாவில் ஏறிவிட்டார். பாட்டில் வைத்தியம் அன்றோடு முடிந்தது.

வளரக் கூடாத இடத்தில்

கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு எலும்பு வைத்தியரிடம் போனேன். படம் எடுத்துப் பார்த்தார். குதிகால் எலும்பில் கொக்கி மாதிரிச் சின்னதாக ஒன்று வளர்ந்திருக்கிறது என்று பேனா முனையால் காட்டினார். எனக்கு அது எதுவும் தெரியவில்லை, தலையாட்டினேன்.

என்ன வேலை, எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று கேட்டார். கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை என்றேன். சாப்பாட்டுக்கு? அதற்கு மட்டும் உட்காருவோம் என்றேன். அவர் ஊசி ஒன்றும், மாத்திரை சிலவும், எம்.சி.ஆர். செருப்பும் எழுதினார். வீட்டுக்குள்ளும் வேலை செய்கிற இடத்திலும் அந்த மெத்துமெத்தான செருப்பைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நீண்ட நேரம் நிற்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் கடிதமும் கொடுத்தார்.

ஊசியைக் குதிகாலிலேயே போட்டார்கள். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். இரண்டு மாதம் கால் நன்றாக இருந்தது. பிறகு, போன விருந்தாளி மறந்துவிட்ட பொருளை எடுக்கத் திரும்பி வருவது போல வலி வந்து சேர்ந்தது.

கடிதத்தைக் கணேசனிடம் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தார்.

"யக்கா, நிக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்காரு. நடக்கக் கூடாதுன்னு போடல்லையே."

மறுநாள் முதல் எனக்கு வேலை மாறியது. மூன்றாம் மாடியில் சரக்கு வைக்கிற கிட்டங்கியிலிருந்து சேலைக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு வர வேண்டும். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு. பத்தாவது நாள் நானே கணேசனிடம் போய், தயவுசெய்து என்னை நிற்க விடுங்கள் என்று கேட்டேன். பெரிய மனது பண்ணி அனுமதித்தார்.

செருப்புக்கு வழி கண்டுபிடித்தது பீவியக்கா.

பீவியக்காவை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். மேலப்பாளையத்துக்காரர். எனக்குப் பக்கத்து இடத்தில் நிற்பவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கெண்டைக்கால் முழுவதும் நரம்பு சுருண்டு நீலம் பாரித்திருக்கும். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அவர் அந்தச் செருப்பின் அடிப்பாகத்தை மட்டும் அறுத்தெடுத்து, ரவிக்கைத் துண்டில் காலுறை போலத் தைத்து, அதற்குள் வைத்துக் கொடுத்தார். பார்த்தால் காலுறை. மிதித்தால் மெத்தை.

நான்கு நாள் ராஜபோகமாக இருந்தேன். ஐந்தாம் நாள் கணேசன் என் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

"யக்கா, போன வாரம் எந் தோளுக்கு இருந்திய. இப்ப காதுக்கு வாறிய."

விஷயம் அண்ணாச்சிவரை போனது. அவர் என் காலுறையைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்து, செருப்புக்குச் சட்டை போட்டாலும் அது செருப்புதான் என்று தீர்ப்புச் சொன்னார். அந்தக் காலுறை கிட்டங்கிக்குப் போயிற்று.

சேற்றுப்புண்

இந்த இடத்தில் என் அம்மாவின் கால் ஞாபகம் வருகிறது. அம்மா சேரன்மகாதேவிப் பக்கம் வயல் வேலைக்குப் போனவர். கார், பிசானம் என்று இரண்டு போகத்துக்கும் நடவு நட்டு, ஆற்றுத் தண்ணீர் பாய்ந்த சேற்றிலேயே நாள் முழுக்க நிற்பார். கால்விரல் இடுக்கெல்லாம் வெளுத்து, வெந்து, தோல் உரியும். சேற்றுப்புண்.

அதற்கு வயல்காரர் வீட்டிலிருந்தே மருந்து வரும். மஞ்சளை அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்து, சிரட்டையில் வைத்து வரப்பில் கொண்டுவந்து கொடுப்பார்கள். நடவுப் பெண்கள் கரையேறும்போது ஆளுக்கு ஒரு விரல் தொட்டுத் தடவிக்கொள்வார்கள். இவ்வளவு தர்மவான் உண்டுமா என்று ஊரே அந்த வீட்டைப் புகழும். அம்மாவும் புகழ்வார்.

மறுநாள் காலையில் மருந்து தடவிய கால் அதே சேற்றுக்குள் இறங்கும்.

மருந்து கொடுப்பதில் முதலாளிமார் யாரும் எக்காலத்திலும் கருமித்தனம் காட்டியதில்லை. எங்கள் அண்ணாச்சியும் ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்களுக்கு ஆளுக்கு ஒரு தைலப் புட்டி கொடுப்பார். நல்ல தைலம்தான். நின்றுகொண்டே தேய்க்கலாம்.

இரண்டாவது கைத்தட்டல்

கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. டிவியில் பார்த்துவிட்டு மறுநாள் கடைக்குப் போனோம். அண்ணாச்சி டிவி பார்க்கிறவர் இல்லை போலிருக்கிறது. ரொம்ப நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு யாரோ எங்கேயோ எழுதிப்போட்டிருக்க வேண்டும். ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்ததும் எட்டு ஸ்டூல்கள் வந்து இறங்கின.

பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். கணேசன் கை தட்டினார், உட்கார்ந்தோம். நடுவயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். காப்பி வேண்டாம் என்றார். ஸ்டூல்களை எண்ணினார், எங்களையும் எண்ணினார், இரண்டும் சரியாக இருந்தது. குறித்துக்கொண்டார். ஓரத்தில் இருந்தது நான் என்பதால் என்னிடம் வந்து, எப்போதும் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறீர்களா அம்மா என்று கேட்டார்.

அவருக்குப் பின்னால் கணேசன் ஏசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் மகளுக்குக் கல்லூரிப் படிப்பு பாதியில் இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"ஆமா சார். ஒக்காந்து ஒக்காந்து அலுத்துப் போச்சு."

அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். சாயம் போகாது என்றும், உங்கள் நிறத்துக்காகவே நெய்தது என்றும் நான் அந்த மேடையில் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. அவையெல்லாம் வீடு வந்ததும் மறந்துவிடும். இது மறக்கவில்லை. ஆமாம் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அலுத்துப் போச்சு என்று சேர்த்ததற்கு எவரும் என்னை வற்புறுத்தவில்லை.

அதிகாரி லிஃப்டில் இறங்கினார். கணேசன் இரண்டாவது முறை கை தட்டினார். ஏழு பேரும் எழுந்தார்கள்.

நானும் எழுந்தேன். எழுந்து வலது காலை ஊன்றினேன். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த கால் அல்லவா. முதல் அடி உச்சந்தலையில் போய்த் தைத்தது. அப்படியே ஸ்டூலில் விழுந்தேன்.

கணேசன் மறுபடி கை தட்டினார். நான் மேடையைப் பிடித்துப் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்தில் நின்ற பீவியக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் ஸ்டூலைக் காலால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சேலையைச் சரிசெய்துகொண்டார். அவரைப் பார்த்து இன்னொருத்தி. அவளைப் பார்த்து இன்னும் மூன்று பேர். இரண்டு பேர் மட்டும் கணேசனின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் நின்றார்கள்.

பிற்பாடு இதைக் கேட்டவர்கள், பேச்சியம்மாள் கடையில் போராட்டம் நடத்தினாள் என்று பேசிக்கொண்டார்கள். தொடரில் உண்மையைத்தான் எழுதுவது என்று இருக்கிறேன். நான் போராடவில்லை. என்னால் எழுந்திருக்க முடியவில்லை. எழுந்திருக்க முடிந்தும் உட்கார்ந்தவர் பீவியக்கா.

கணேசன் என் காதருகில் குனிந்தார்.

"யக்கா, பைய எந்திரிங்க. அண்ணாச்சி கேமராவுல பாக்காவ."

"எந்திரிக்க முடியல தம்பி."

"முடியலையா, மாட்டேங்கியளா?"

பதில் சொல்வதற்குள் லிஃப்ட் திறந்தது.

வள்ளியூர்க் கல்யாணம்

வந்தது வள்ளியூரிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம். வேன் வைத்து வந்திருந்தார்கள். முன்னால் வந்தவர் மாப்பிள்ளையின் அம்மா. நல்ல கனமான உடம்பு. முட்டியில் கை ஊன்றி ஊன்றி நடந்தார். அவர் பார்வை முதலில் சேலைகள் மேல் விழவில்லை. ஸ்டூல்கள் மேல் விழுந்தது. எனக்கும் ஒண்ணு போடுங்க தாயி என்றார்.

நின்றுகொண்டிருந்த ஒருத்தியின் ஸ்டூல் மேடையைச் சுற்றி அந்தப் பக்கம் போயிற்று. அவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை கிழிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கணேசன் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் உட்கார்ந்தபடி சேலையை விரித்தேன், அவர் உட்கார்ந்தபடி பார்த்தார். அவசரப்படவே இல்லை. முகூர்த்தச் சேலை, நிச்சயதார்த்தச் சேலை, நாத்தனார் நான்கு பேருக்கு, கொழுந்தியாள்களுக்கு, சமையல்காரிக்குக்கூட ஒன்று. நடுவில் தன் முட்டிக்கு வைத்த ஒத்தடங்களைச் சொன்னார்; நான் எருக்கிலையைச் சொன்னேன். மேலிருந்து சேலைக் கட்டுகளை எடுத்துக்கொடுக்கவும், பார்த்ததை மடிக்கவும் ஆள் வேண்டியிருந்தது. அந்த இரண்டு வேலையையும் கணேசனே நின்று செய்தார்.

சாயங்காலம் என்னையும் பீவியக்காவையும் அண்ணாச்சி கீழே கூப்பிட்டார். என் காலைப் பற்றி அன்பாக விசாரித்தார். வியாபாரத்தை மெச்சினார். அந்த அம்மாள் அவ்வளவு நேரம் இருந்து வாங்கியதற்குக் காரணம் ஸ்டூல்தான் என்பதைக் கேமராவில் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். ஆகையால் நாளை முதல் எட்டு ஸ்டூல்களும் வாடிக்கையாளர் பக்கம் போடப்படும் என்றார்.

பிறகு பீவியக்கா பக்கம் திரும்பினார். பேச்சிக்குக் கால் முடியவில்லை, சரி. உனக்கு என்ன, நீ ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்டார்.

"ஸ்டூல் இருந்துது அண்ணாச்சி."

அண்ணாச்சி சுழல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றார். மறுநாள் முதல் பீவியக்காவுக்குத் தரைத்தளத்து வாசலில் இடம். கண்ணாடிக் கதவின் பக்கத்தில் நின்று, வருகிறவர்களைக் கும்பிட்டு, வாங்க வாங்க என்று சொல்ல வேண்டும்.

நான் அங்கேதான் நின்றேன். எனக்காகத்தான் அவர் உட்கார்ந்தார், அவரை மாற்றாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். மகள் படிப்பு, மாத்திரை, வீட்டு வாடகை எல்லாம் வாயில் வந்து அடைத்துக்கொண்டன.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் முழுவதையும் பீவியக்கா அந்த வாசலில் நின்று கும்பிட்டார். ஆடி முடிந்த மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

கழுத்து

எங்கள் பக்கம் ஸ்டூல் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சில மாதம் கழித்து அதே வள்ளியூர் அம்மாள் மருமகளின் வளைகாப்புக்குச் சேலை எடுக்க வந்தார். நேராக என்னிடம் வந்து உட்கார்ந்தார். இந்த முறை நான் நின்றுகொண்டிருந்தேன். மேடை முழங்கால் உயரம், அவர் இருந்தது குட்டை ஸ்டூல், நான் நின்ற நிலையில். ஒவ்வொரு சேலைக்கும் அவர் கோபுரத்தைப் பார்ப்பது போல அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. நான்காவது சேலையில் பொறுமை போய்விட்டது.

"நீ ஏன் நிக்க? ஒன்ன அண்ணாந்து அண்ணாந்து பாத்து எனக்குக் கழுத்து சுளுக்கிட்டு. ஒக்காந்து காட்டுனா காட்டு. இல்லன்னா நான் வேற கடைக்குப் போறேன்."

பத்து நிமிஷத்தில் எனக்கு ஸ்டூல் வந்தது. ஒரு வாரத்தில் எங்கள் பக்கத்துக்கும் புதிதாக எட்டு வந்தன. சுவரில் கணேசன் கையால் எழுதிய ஒரு அட்டையும் தொங்கியது: 'வாடிக்கையாளர்களின் கழுத்து நலன் கருதி, ஊழியர்கள் அமர்ந்து சேவை செய்வார்கள்.'

வைத்தியர் கடிதத்தாலும் சட்டத்தாலும் முடியாததை வள்ளியூர்க் கழுத்து ஒன்று பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டது. அடுத்த கோடைக்குள் என் குதிகால் வலி பாதிக்கு மேல் போயிற்று. அதைக் கேள்விப்பட்டு இரண்டு கட்சி எருக்கிலைக்காரர்களும் தனித்தனியாக வந்து, சொன்னோமா இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எலும்பு வைத்தியர் ஊசியின் குணம் என்றார். நான் எவரையும் மறுத்துப் பேசவில்லை.

பாயில் ஒரு கடை

அதன் பிறகுதான் மேலப்பாளையத்துக்குப் போக எனக்கு முகம் வந்தது.

பீவியக்கா முன்னறையில் பாய் விரித்து, நைட்டியும் சுங்குடிச் சேலையும் வைத்து வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தார். கால்களை நீட்டி ஒரு தலையணை மேல் வைத்திருந்தார். நீலம் அப்படியேதான் இருந்தது. என்னைப் பார்த்ததும் கோபத்தை எதிர்பார்த்தேன். ஒக்காரு, கால் எப்படி இருக்கு என்றுதான் கேட்டார்.

கழுத்து நலன் அட்டையைப் பற்றிச் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார். உள்ளே இருந்த மருமகளைக் கூப்பிட்டு அவளுக்கும் சொல்லச் சொன்னார்.

சிரிப்பு அடங்கியதும் நான் இத்தனை மாதமாகச் சுமந்துகொண்டிருந்ததை எடுத்தேன். அன்றைக்கு எனக்காகத்தான் நீங்கள் உட்கார்ந்தீர்கள், எனக்காகத்தான் வாசலுக்குப் போனீர்கள், அண்ணாச்சி முன்னால் நான் வாயைத் திறக்கவே இல்லை என்று சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

பீவியக்கா மடித்துக்கொண்டிருந்த நைட்டியைக் கீழே வைத்தார்.

"ஒனக்காகவா? ஏளா பேச்சி, பொய் சொன்னா எனக்குப் பாவம். இத்தன வருசம் நின்னுட்டு அன்னைக்குத்தான் ஒக்காந்தேன். நல்லா இருந்துது. அதான் எந்திரிக்கல."